அது நாங்கள் இல்லை

அத்தியாயம் பதினொன்று

உம்மா இடியப்பத்துக்குச் சொதியை முதலில் ஊற்றியது அம்ராவின் தட்டில்தான்.

பஹ்மியா அதைக் கண்டாள். காணாதவள் மாதிரி அலுமாரிக்கு மேல் ஸ்கூட்டிச் சாவியைத் தேடினாள்.

ஜமாலியாவில் உள்ள அந்த வீடு பஹ்மியாவுக்குச் சீதனமாக எழுதிய வீடு. உம்மா ஜெமீலா இருப்பதும் மூத்த மகளோடுதான். மருந்து எடுத்துக் கொடுப்பது, கிளினிக்குக்குக் கூட்டிப் போவது எல்லாம் பஹ்மியா. ஆனால் கொழும்பிலிருந்து சின்னவள் அம்ரா வந்து இறங்கிவிட்டால் குசினியே அவள் பக்கம் திரும்பிவிடும். மாசிச் சம்பல், வட்டிலப்பம், பகலைக்குக் கணவாய்க் கறி.

இந்த முறை அம்ரா லீவில் வந்திருப்பதாகத்தான் சொன்னாள். வந்த நாளிலிருந்து முன் அறையில் மடிக்கணினியும் கையுமாகக் கிடந்தாள். "வேலை விடுகுதில்ல ராத்தா" என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். நேற்று மாலைதான் அந்தச் சிரிப்பின் அர்த்தம் பஹ்மியாவுக்கு விளங்கியது. பஹ்மியா வேலை செய்யும் கப்பல் முகவர் நிறுவனத்தின் கூட்ட அறையில், கொழும்பிலிருந்து வந்த பாதுகாப்புச் சோதனைக் குழு என்று முகாமையாளர் தம்பிராசா இரண்டு பேரை அறிமுகப்படுத்தினார். ஒருவர் றிக்சன். மற்றவள் அம்ரா.

நிறுவனமே கேட்டு, கையெழுத்து வைத்து வரவழைத்த சோதனை அது. கணினிக்குள் திருடன் எந்த வழியால் வருவானோ அந்த வழியால் இவர்கள் வந்து பார்ப்பார்கள். எங்கே ஓட்டை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கணினிப் பிரிவுக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது தம்பிராசாவின் முடிவு. தன் அக்கா அங்கேதான் வேலை செய்கிறாள் என்பதை அம்ரா முதலிலேயே இரண்டு பக்கத்துக்கும் அறிவித்திருக்கிறாள். ஆக, எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஆறு வருடமாக அந்த அமைப்பை எழுதி, ஓட்டி, விழும்போதெல்லாம் தூக்கி நிறுத்திய பஹ்மியாவுக்கு மட்டும் தெரியவில்லை. தன் வீட்டு முன் அறையில், தன் உம்மாவின் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு, தன் தங்கை தன் வேலையைத் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மகள், ரெண்டு இடியப்பம் சரி திண்டுட்டுப் போ" என்றாள் உம்மா.

"பசிக்கல்ல."

பஹ்மியாவின் கணவன் றுவைஸ் மேசையில் இருந்தபடி திரும்பிப் பார்த்தான். கிண்ணியாவில் கணிதம் படிப்பிப்பவன். பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும் என்பதால் தினமும் அவசரமாகச் சாப்பிடுவான். இன்றைக்கு அவசரத்தைக் காணவில்லை.

"இங்க கேளுங்க, அம்ரா ஒரு கதை சொல்றா. ஏதோ ஒரு கொம்பனியாம், பேர் சொல்ல மாட்டாவாம். இவங்க உள்ளுக்குப் போய் அந்த மனேஜர்ட ஸ்க்ரீன்லயே 'வணக்கம்' எண்டு எழுதிட்டு வந்தவங்களாம். மனுசனுக்கு வேர்த்துப் போச்சாம்!"

அவன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பஹ்மியா தன் அலுவலகக் கதை சொன்னால் அவன் செய்திதான் பார்ப்பான்.

"எங்கட மனேஜருக்கும் இண்டைக்கு வேர்க்கும்" என்றாள் பஹ்மியா. "அடுத்த வீட்டில போய் அதையும் கதையாச் சொல்லட்டும்."

சிரிப்பு நின்றது.

"ராத்தா..." அம்ரா தட்டைத் தள்ளி வைத்தாள். "சொல்ல ஏலாது எண்டு கையெழுத்து வெச்சனான். உங்களுக்குச் சொல்லியிருந்தா முழுச் சோதனையும் பொய்யாப் போயிரும்."

"நான் ஒண்டும் கேக்கல்லையே."

"கோவம்தானே?"

"எனக்கென்ன கோவம்? நீ பெரிய ஆள். என்னைப் போல ஆக்கள்ற பிழையைக் கண்டுபிடிக்கத்தான் உனக்குப் படிப்பிச்சது."

உம்மா அகப்பையோடு நின்றுவிட்டாள். பஹ்மியாவுக்குத் தான் பேசியது தன் காதிலேயே கசந்தது. ஆனால் வாயிலிருந்து வந்ததைத் திரும்ப எடுக்கவில்லை. ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

கச்சான் காற்று வீதியெல்லாம் மணலை வாரி அடித்தது. சந்தியில் மான்கள் நாலைந்து குப்பைத் தொட்டியை முகர்ந்துகொண்டு நின்றன. அவை விலகும்வரை ஹோர்ன் அடித்தபடி பஹ்மியா யோசித்தாள். ஒரு காலத்தில் இந்த வீதியில் அம்ராவைக் கண்டவர்களெல்லாம், "ராத்தாவைப் போல படிக்க வேணும்" என்றுதான் சொல்வார்கள். கொழும்பில் ஒரு பெரிய இடத்தில் பஹ்மியாவுக்கு வேலை கிடைத்ததும், கல்யாணம் பேசி முடித்தபடியால் அதை விட்டதும் ஊருக்கே தெரியும். இப்போது அதே ஆட்கள் அவளை நிறுத்தி, "உங்கட தங்கச்சி எப்பிடி இருக்கிறா?" என்று கேட்கிறார்கள். பஹ்மியா எப்படி இருக்கிறாள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

*

அலுவலகம் உட்துறைமுக வீதியில். மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்குள் கோதுமைக் கப்பல் ஒன்று நிற்பது தெரியும். பொருட்கள் வைக்கும் களஞ்சியம் கண்டி வீதியில், கப்பல்துறையில் இருந்தது.

பஹ்மியா எழுதிய அமைப்பு இந்த இரண்டு இடத்தையும் இணைத்தது. களஞ்சியத்தில் பொருள் வைத்திருக்கும் வாடிக்கையாளர் தன் வீட்டிலிருந்தே உள்ளே வந்து, தன் பொருளை எடுக்க விண்ணப்பிக்கலாம். அலுவலகத்து எழுதுவினைஞர் பார்த்து 'அனுமதி' பொத்தானை அழுத்துவார். உடனே கப்பல்துறை வாசல் கேற்றில் பாஸ் அச்சாகும். லொறி போகும். முன்பெல்லாம் இதற்கு ஆட்கள் கடதாசியோடு அலைவார்கள். பஹ்மியா வந்துதான் அதை மாற்றினாள்.

அவள் கதிரையில் இருந்து கொஞ்ச நேரத்திலேயே அம்ரா வந்து மேசையருகே நின்றாள். கழுத்தில் விருந்தினர் அட்டை.

"ராத்தா, ஒரு விசயம். இப்பவே சொல்ல வேணும்."

"பகலைக்குப் பிறகு கூட்டம் இருக்கு."

"அதுவரைக்கும் வெச்சிருக்க ஏலாது. பெரிய ஓட்டை ஒண்டு. தம்பிராசா ஐயா கப்பலடிக்குப் போயிட்டார், போன் எடுக்கிறார் இல்ல. றிக்சன் மெசேஜ் போட்டிருக்கிறார். நீங்கதானே அடுத்த பொறுப்பு, அதான்..."

பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தார்கள். பஹ்மியாவுக்கு முகம் சூடானது. பெரிய ஓட்டை. அதை இவ்வளவு சத்தமாகச் சொல்லவா வேண்டும்?

"அம்ரா, கூட்டத்தில சொல்லு. எல்லாருக்கும் முன்னால சொல்லத்தானே வந்திருக்கிறாய்? எனக்கு வேலை இருக்கு."

"ராத்தா, இது வீட்டுக் கோவம் இல்ல..."

"போ எண்டு சொன்னனான்."

அம்ரா தலையைக் குனிந்துகொண்டு கூட்ட அறைக்குப் போனாள். கதவு மூடியதும் பஹ்மியாவுக்கு ஒரு சின்னத் திருப்தி வந்தது. அது நெடுநேரம் நிற்கவில்லை. என்ன ஓட்டை? எந்தப் பக்கத்தில்? தானே கண்டுபிடித்து அடைத்துவிட்டால் கூட்டத்தில் அம்ரா வாயைத் திறக்கும்போது, "அதை நான் அடைச்சிட்டன்" என்று சொல்லலாமே.

அவள் அமைப்பின் பதிவுகளைத் திறந்து ஒவ்வொரு வரியாக இறங்கத் தொடங்கினாள். பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்புதான் அந்த வரி கண்ணில் பட்டது.

இலங்கைத்துறை மீனவர் சங்கத்தின் படகு எஞ்சின்கள். ஒரு லொறி நிறையப் புத்தம் புது எஞ்சின்கள். அடுத்த கிழமை அங்கே விழா வைத்துக் கொடுப்பதற்காகக் களஞ்சியத்தில் வைத்திருந்தார்கள். அவற்றை வெளியே எடுக்க அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்தவர் எழுதுவினைஞர் இல்லை. ஏதோ ஒரு வாடிக்கையாளர் கணக்கு.

பஹ்மியா அந்த வரியைத் திரும்ப வாசித்தாள். வாடிக்கையாளரால் அனுமதி கொடுக்க முடியாது. அவர்களுடைய திரையில் அந்தப் பொத்தானே கிடையாது.

பொத்தான் கிடையாது. ஆனால்... பொத்தான் இல்லாமலே அந்தக் கட்டளையைச் சர்வருக்கு நேராக அனுப்பினால்? யார் அனுப்புவது என்று சர்வர் கேட்குமா?

அவள் தன் பழைய நிரலைத் திறந்து பார்த்தாள். கேட்காது. அந்தப் பக்கத்தை எழுதிய காலத்தில் அவசரத்தில் பொத்தானை மறைத்ததோடு விட்டிருந்தாள். வாசலைத் திரைச்சீலையால் மறைத்துவிட்டுக் கதவு போட மறந்தது மாதிரி.

அம்ரா சொன்ன பெரிய ஓட்டை இதுதான். அம்ரா இதற்குள்ளால்தான் வந்திருக்கிறாள்.

அடுத்த கணம் பஹ்மியாவுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. நேற்றுக் கூட்டத்தில் றிக்சன் விதிகளை வாசித்தபோது அவளும் இருந்தாள். சோதனைக்கென்று ஒரு போலி விண்ணப்பம் வைத்திருக்கிறார்கள். எதைச் செய்து பார்த்தாலும் அதில் மட்டுமே செய்ய வேண்டும். உண்மையான வாடிக்கையாளரின் பொருளைத் தொடவே கூடாது.

அம்ரா தொட்டிருக்கிறாள். கெட்டிக்காரி அம்ரா, கொழும்பு அம்ரா, விதியை மீறியிருக்கிறாள்.

நேற்று றிக்சன் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "உங்களுக்கு ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சா உடனே எனக்கு அடியுங்கோ. அது நாங்களா இல்லையா எண்டு அந்த இடத்திலயே சொல்லிப்போடுவன்." அவருடைய இலக்கம் பஹ்மியாவின் கைப்பேசியில் இருந்தது.

அவள் அந்த இலக்கத்தை அழுத்தவில்லை. றுவைஸின் இலக்கத்தை அழுத்தினாள்.

"இங்க கேளுங்க. உங்கட கெட்டிக்காரி மச்சி மாட்டுப்பட்டுட்டா." மாடிப்படியில் நின்று, சத்தத்தை அடக்கி, எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுபக்கத்தில் பள்ளிக்கூட இரைச்சல். றுவைஸ் கொஞ்சம் யோசித்தான். "சரி. அந்த றிக்சனிட்டச் சொல்லிட்டீங்களா?"

"கூட்டத்தில சொல்லுவன். எல்லாருக்கும் முன்னால."

"அதென்னத்துக்கு? இப்பவே சொல்லுங்க. அது அவள் இல்லாட்டி?"

"அவள் இல்லாம வேற ஆர்?"

"எனக்கு உங்கட கம்பியூட்டர் தெரியா. ஆனா அனுமதி குடுத்தா சாமான் போயிரும்தானே? நிப்பாட்டி வைங்க."

"சோதனைக்கு லொறி வராது. நிப்பாட்டினா அவள் தப்பிருவாள். சும்மா பார்த்தம் எண்டு சொல்லுவாள்." அவள் குரல் உடைந்தது. "நீங்க எப்பவும் அவள்ற பக்கம்தான்."

"பஹ்மியா, நான் ஆர்ற பக்கமும் இல்ல. அவங்களுக்கு ஒரு கோல் எடுங்க. எடுக்கிறீங்களா?"

அவள் தொடர்பைத் துண்டித்தாள்.

மேசைக்கு வந்தாள். திரையில் அந்த வரியின் ஓரத்தில் 'நிறுத்து' என்ற சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அமைத்ததும் அவள்தான். ஒரு தரம் தட்டினால் கேற்றில் பாஸ் செல்லாது. அவள் அந்த வரியைப் படம் எடுத்துக் கோப்பில் போட்டாள். பொத்தானைத் தொடவில்லை. தொழுதுவிட்டு வந்தாள். சாப்பாட்டுப் பொதியைத் திறந்தாள். கூட்ட அறையின் கண்ணாடிக்கு அப்பால் அம்ரா றிக்சனோடு சோறு தின்றுகொண்டிருந்தது தெரிந்தது. தின்னு, தின்னு என்று பஹ்மியா மனதுக்குள் சொன்னாள்.

*

தம்பிராசா வெயிலில் கறுத்து, சேட் நனைந்து வந்து சேர்ந்தார். ஓய்வுக்குக் கிட்டிய வயது. கதிரையில் விழுந்து, "சொல்லுங்கோ தம்பி, எவ்வளவு மோசம்?" என்று றிக்சனைக் கேட்டார்.

றிக்சன் அம்ராவைப் பார்த்தார். அம்ரா எழும்பி, திரையில் தன் போலி விண்ணப்பத்தைக் காட்டினாள். வாடிக்கையாளராக உள்ளே வருவதையும், இல்லாத பொத்தானின் கட்டளையைத் தானே அனுப்புவதையும், அனுமதி விழுவதையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவள் குரலில் பெருமை இல்லை. அதுவே பஹ்மியாவுக்கு இன்னும் எரிந்தது. பிழை விட்டது ராத்தா என்று அவள் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. "இந்தப் பக்கம்" என்றுதான் சொன்னாள்.

"காலமையே உங்களுக்கு மெசேஜ் போட்டனாங்கள் ஐயா" என்றார் றிக்சன்.

"கப்பலடியில போன் பார்க்கிறதுக்கு எங்க நேரம்..."

"எனக்கு ஒண்டு கேக்க இருக்கு" என்று பஹ்மியா எழும்பினாள். "போலி விண்ணப்பத்தில மட்டும்தான் செய்தனீங்களா?"

"ஓம்" என்றாள் அம்ரா.

"அப்ப இது என்ன?"

அவள் எடுத்த படம் திரையில் விழுந்தது. இலங்கைத்துறை, படகு எஞ்சின்கள், அனுமதி.

தம்பிராசா நிமிர்ந்து உட்கார்ந்தார். பஹ்மியா காத்திருந்த கணம் இதுதான். தங்கையின் முகம் வெளிறுவதை அவள் பார்த்தாள். உண்மையிலேயே வெளிறியது. ஆனால் பிடிபட்டவளின் முகமாக அது இல்லை.

"ராத்தா, இது எப்ப நடந்தது?"

"என்னட்டக் கேக்கிறியா? நீ செய்ததை..."

"இது நான் இல்ல."

றிக்சன் ஏற்கெனவே தன் மடிக்கணினியில் தேடிக்கொண்டிருந்தார். "நாங்கள் அனுப்புற ஒவ்வொண்டும் ஒரே முகவரியாலதான் வெளிக்கிடும். ஒண்டு விடாமல் பதிவில இருக்கு." அவர் விரல் நின்றது. "ஐயா, அது நாங்கள் இல்லை."

"அப்ப ஆர்?" என்றார் தம்பிராசா.

"ஆரோ ஒருத்தன் உண்மையாவே உள்ளுக்கு வந்திருக்கிறான்."

பஹ்மியா கதிரையில் உட்கார்ந்தாள். அதற்குள் அம்ரா கப்பல்துறைக்கு அழைப்பை எடுத்து, கைப்பேசியை மேசை நடுவில் வைத்துவிட்டாள். கேற்றில் இருப்பவர் ஜவ்பர்.

"எஞ்சின் லொறியா? அது போயிட்டே. நீலத் தார்ப்பாய் போட்ட லொறி. பாஸ் சரியா வந்தது, விட்டனான். கண்டி றோட்டால போனது."

"எப்ப?" என்று தம்பிராசா கத்தினார்.

"லுஹர் தொழுது, சாப்பிட்டு முடிய வந்தாங்க ஐயா. ஏத்தி முடிச்சுப் போய் இப்பதான் கொஞ்ச நேரம்."

லுஹருக்குப் பிறகு. பஹ்மியா கண்ணை மூடினாள். அனுமதியை அவள் கண்டபோது லொறி வந்திருக்கவே இல்லை. எஞ்சின்கள் களஞ்சியத்திலேயே இருந்திருக்கின்றன. அவள் பொதியைத் திறந்து சோறு தின்ற நேரம் முழுதும் அவை அங்கேயே இருந்திருக்கின்றன.

*

தம்பிராசா பொலிசுக்கு அடித்தார். ஜவ்பர் லொறி இலக்கத்தைச் சொன்னார். றிக்சன் சோதனையை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டதாக அறிவித்தார்.

"முதல்ல ஓட்டையை அடைக்க வேணும். இன்னொரு லொறி வரக் கூடாது" என்றார்.

பஹ்மியா தன் மேசைக்குப் போனாள். அம்ரா பின்னால் வந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். பஹ்மியா அந்தப் பழைய நிரலைத் திரும்பத் திறந்தாள். அனுமதி வந்தால் அனுப்புவது யார் என்று கேள், எழுதுவினைஞர் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு. அவ்வளவுதான். எழுதச் சில வரிகள். ஆறு வருடம் எழுதாமல் விட்ட சில வரிகள்.

"இந்த இடத்திலயும் கேக்க வேணும் ராத்தா. விண்ணப்பம் ஆர்ற எண்டு."

"தெரியும்."

"ஓம். சொறி."

எழுதி முடித்ததும் அம்ரா தன் மடிக்கணினியிலிருந்து, அதே போலி விண்ணப்பத்துக்கு, அதே வழியால் கட்டளையை அனுப்பினாள். மறுப்பு வந்தது. இன்னொரு வழியால் வளைத்து அனுப்பினாள். மறுப்பு. மூன்றாவது ஒன்றும் செய்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இனி ஏலாது. நல்லா மூடிட்டீங்க."

பஹ்மியா திறந்திருந்த பக்கங்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

"ஒண்டு சொல்லட்டா?" அம்ராவின் குரல் இறங்கியது. "நீங்க எழுதின பக்கம் எண்டு பார்த்த உடனே விளங்கினது. இதை உடைக்கேக்க எனக்குக் கை கூசினது. என்னால உடைக்கத்தான் ஏலும் ராத்தா. இப்பிடி ஒண்டை முதல்ல இருந்து கட்டி, ஊரே பாவிக்கிற மாதிரி ஓட விட எனக்குத் தெரியா. கொழும்பில என்னோட இருக்கிறவங்களுக்கும் தெரியா. எனக்கு உங்களப் பார்த்தா பொறாமையில எரிச்சலா இருக்கும், தெரியுமா?"

வேறொரு நாளென்றால் அந்த வார்த்தையைப் பஹ்மியா பொக்கிஷமாக எடுத்து வைத்திருப்பாள். இன்றைக்கு அதைக் கேளாதவள் மாதிரி எழும்பினாள்.

கூட்ட அறைக்கு அவர்கள் திரும்பியபோது றிக்சன் நடந்தவற்றை வரிசையாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். பொலிசுக்குக் கொடுக்க வேண்டும்.

"மிஸ் பஹ்மியா, இந்த அனுமதியை நீங்கள் முதல்ல எப்ப கண்டனீங்கள்?"

தம்பிராசா நிமிர்ந்து பார்த்தார்.

"கூட்டத்துக்குக் கொஞ்சம் முதல்..." என்று அம்ரா குறுக்கே தொடங்கினாள். "ராத்தா அப்பதான் பதிவு பார்த்து..."

அம்ராவுக்கு விளங்கிவிட்டது. படத்தின் மூலையிலேயே நேரம் இருந்திருக்கும். அதைப் பார்த்தும் அவள் பொய் சொல்கிறாள். ராத்தாவைக் காப்பாற்ற.

அதைத்தான் பஹ்மியாவால் தாங்க முடியவில்லை. பிழை விட்டதைத் தாங்கலாம். வேலை போவதையும் தாங்கலாம். அம்ராவின் இரக்கத்தில் தப்பி அந்த வீட்டில், அந்த மேசையில், இனி ஒவ்வொரு பெருநாளைக்கும் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருக்க முடியாது.

"இல்ல" என்றாள். "லுஹர் பாங்குக்கு முன்னமே கண்டனான்."

தம்பிராசாவின் புருவம் உயர்ந்தது. "கண்டுபோட்டு?"

"நிப்பாட்டல்ல. றிக்சனுக்கு அடிக்கவும் இல்ல. அம்ரா செய்தது எண்டு நெனச்சனான். கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால அவளப் பிடிச்சுக் குடுக்க வேணும் எண்டு வெச்சிருந்தன்." அவள் தன் கைகளைப் பார்த்தபடி சொன்னாள். "காலையில அவள் சொல்ல வந்தவள். அதையும் நான் கேக்கல்ல."

றிக்சன் தட்டச்சை நிறுத்திவிட்டார். தம்பிராசா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டுவார் என்று பஹ்மியா காத்திருந்தாள். அவர் மெதுவாகத்தான் பேசினார். "இலங்கைத்துறையில எத்தினை குடும்பம் அந்த எஞ்சினுக்குக் காத்திருக்குது தெரியுமா பிள்ளை?"

அப்போது அவருடைய கைப்பேசி அடித்தது. பொலிசு. அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஓம்... ஓம்..." என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. இடையில் ஒரு தரம் பஹ்மியாவைப் பார்த்தார். பிறகு அந்தப் பார்வையை எடுக்கவேயில்லை.

கைப்பேசியை வைத்ததும் றிக்சன், "லொறி கிடைச்சிட்டுதா?" என்று கேட்டார்.

"கிடைச்சிட்டுது. கந்தளாய்க்கு அங்கால. ட்ரைவரும் நிக்கிறான். சாமான் இல்லை. வழியிலயே வேற லொறிக்கு மாத்தியாச்சாம்." அவர் உதட்டை நாவால் நனைத்துக்கொண்டார். "கூலிக்கு ஓடுறவனாம். அவனுக்கு ஒண்டும் தெரியாதாம். ஒரு பொம்பிளை போன் பண்ணி, கொம்பனியில இருந்து கதைக்கிறன், பாஸ் ரெடி, கப்பல்துறைக்கு வாங்கோ எண்டு சொன்னவவாம்."

"ஆர் எண்டு சொன்னவவாம்?" என்றார் றிக்சன்.

தம்பிராசா மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"கம்பியூட்டர் செக்ஷன் பஹ்மியா எண்டு."

அவள் எழுதிய பக்கம். அவள் விட்ட ஓட்டை. அவள் கண்டும் நிறுத்தாத அனுமதி. அதைச் சற்று முன்பு அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். இப்போது அவளுடைய பெயர்.

"நான்... ஐயா, நான் இல்ல."

"பொலிசு இங்க வருகுது" என்றார் தம்பிராசா. "அதுவரைக்கும் நீங்கள் இந்த அறையை விட்டுப் போக வேண்டாம். உங்கட கணினியையும் ஒருத்தரும் தொட வேண்டாம்."

றிக்சன் தொண்டையைச் செருமினார். "அம்ரா, இனி இதில நீங்கள் இருக்க ஏலாது. உங்களுக்கே விளங்கும்."

"விளங்குது."

அம்ரா தன் மடிக்கணினியை மூடி அவர் பக்கம் தள்ளினாள். கழுத்து அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்தாள். கதவை நோக்கி நடந்தாள். போகிறாள் என்றே பஹ்மியா நினைத்தாள்.

அம்ரா கதவோரம் கிடந்த ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். ராத்தாவுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்கும்படி போட்டு உட்கார்ந்தாள்.

"சோதனைக்கு வந்தவளா நான் இங்க இருக்க ஏலாது ஐயா" என்றாள் தம்பிராசாவிடம். "தங்கச்சியா இருக்கலாம்தானே?"

தம்பிராசா இருக்கலாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அம்ராவின் கை வந்து பஹ்மியாவின் கையைப் பிடித்தது. அந்தக் கை குளிர்ந்து, நனைந்திருந்தது. அவளும் பயந்திருக்கிறாள்.

பஹ்மியா கையை இழுத்துக்கொள்ளவில்லை. இந்த நேரத்திலும், தான் இருக்கும் இந்த நிலையிலும், எழும்பிப் போக வேண்டிய ஒருத்தி இவ்வளவு இலகுவாக, இவ்வளவு சரியாக ஒன்றைச் செய்துவிட்டாளே என்று அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

கீழே வாசலில் ஜீப் கதவுகள் அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. பஹ்மியா தங்கையின் கையை இறுகப் பிடித்தாள்.